இம்லிஜிக்: வைரஸ் ஊசியைக் கையாளும் ஒரு மருந்தாளுநரின் மதிப்புரை

இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையின் புற்றுநோய் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் எழுதும் மருந்தைத் தயார் செய்து, சரிபார்த்து, கிளினிக்குக்கு அனுப்புவது என் வேலை. கீமோ பைகள், ஆன்டிபாடி மருந்துகள், மாத்திரைகள் என்று கைக்கு வருபவை ஏராளம். அவற்றில் உடலுக்குள் போய்ப் பெருகக்கூடிய வைரஸ் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் இம்லிஜிக். மருத்துவர்கள் டி-வெக் என்பார்கள். டாலிமோஜீன் லாஹெர்பாரெப்வெக் என்ற முழுப்பெயரை எங்கள் மருந்தகத்தில் யாரும் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். "வைரஸ் ஊசி போட்டா கேன்சர் கரைஞ்சுடுமாமே, உங்க ஊர்ல கிடைக்குமா?" வாட்ஸ்அப்பில் வரும் செய்தி அப்படி. ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலிலோ, தோலுக்கு அடியிலோ, நிணநீர்க் கணுவிலோ இருக்கிற, ஊசி எட்டக்கூடிய மெலனோமாக் கட்டிக்கு இது நல்ல மருந்து. ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய நோயை இது தனியாகத் துரத்தும் என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். எல்லாப் புற்றுநோய்க்குமான ஊசி இல்லவே இல்லை. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு மட்டும்தான் அனுமதி.

முதலில் குப்பியைப் பற்றி. மைனஸ் 70 முதல் மைனஸ் 90 டிகிரி வரை குளிரில் உறைந்த நிலையில் வருகிறது. சாதாரண ஃப்ரீசர் போதாது. அதனாலேயே எல்லா மருத்துவமனையும் இதை வைத்திருக்க முடியாது. ஒரு குப்பியில் ஒரு மில்லி மருந்து. இரண்டு வீரியங்களில் வருகிறது. வெளிர்பச்சை மூடி போட்டதில் மில்லிக்கு 10 லட்சம் வைரஸ்கள். நீல மூடி போட்டதில் 10 கோடி. முதல் தடவை எல்லோருக்கும் பச்சை மூடிதான். மூன்று வாரம் கழித்து நீலம். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீலம்.

ஏன் இந்த ஏற்பாடு? இது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸிலிருந்து செய்தது. உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்குகிற அதே வைரஸ். நம்மில் பலருக்கு அது ஏற்கெனவே உடம்பில் இருக்கும், சிலருக்கு இருக்காது. முன்பின் பார்த்திராத உடம்புக்கு எடுத்த எடுப்பில் 10 கோடியை அனுப்பாமல், சிறு அளவில் அறிமுகம் செய்து எதிர்ப்புச் சக்தியைத் தயாராக்குகிறார்கள். பச்சைக்குப் பதில் நீலம் போய்விட்டால் நூறு மடங்கு கூடிவிடும். அதனால் மூடியின் நிறத்தையே வேறாக்கி வைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரே மாதிரி இருக்கும் குப்பிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அறை வெப்பத்தில் வைத்தால் சுமார் அரை மணி நேரத்தில் உருகிவிடும். குலுக்கக் கூடாது, மெதுவாகச் சுழற்றலாம். உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் ஊழியரும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரும் இதைத் தயார் செய்யவோ போடவோ கூடாது. அதனால் கிளினிக் நாளுக்கு முன்பே ஆள் ஏற்பாடு செய்துவிட வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் விதிகள் தெளிவாக இருக்கின்றன. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்தால் குழப்பமே வராது.

இனி உள்ளே இருப்பது. இங்கேதான் இந்த வைரஸை உருவாக்கிய ஆராய்ச்சியாளர் ராபர்ட் காஃபின் வருகிறார்.

1990களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் காஃபின் செய்துகொண்டிருந்தது புற்றுநோய் ஆராய்ச்சி அல்ல. ஹெர்பீஸ் வைரஸுக்கு நரம்புக்குள் போய்த் தங்கும் குணம் உண்டு. அதன் நச்சை நீக்கிவிட்டு, நரம்பு மண்டலத்துக்கு மரபணுக்களைச் சுமந்துபோகும் வண்டியாக அதை மாற்றும் முயற்சியில் இருந்தார். வைரஸின் எந்த மரபணுவை எடுத்தால் எது நிற்கும், எதைச் சேர்த்தால் எது ஓடும் என்பதெல்லாம் அந்த வேலையில் அத்துப்படியாகியிருக்க வேண்டும். பிறகு புற்றுநோய்ப் பக்கம் திரும்பியபோது அந்தக் கைப்பழக்கம்தான் அவருக்கு மூலதனம் என்று நினைக்கிறேன்.

அவர் முதல் ஆள் இல்லை. 1991-இலேயே அமெரிக்காவில் ராபர்ட் மார்ட்டுசாவின் குழு, மரபணு மாற்றிய ஹெர்பீஸ் வைரஸ் மூளைக் கட்டியைக் கொல்லும் என்று எலிகளில் காட்டியிருந்தது. சிகாகோவில் பெர்னார்ட் ராய்ஸ்மனின் ஆய்வகம், ஐசிபி34.5 என்ற மரபணுவை எடுத்துவிட்டால் வைரஸ் நரம்பைத் தாக்கும் திறனை இழக்கிறது என்று கண்டுபிடித்திருந்தது. கிளாஸ்கோவில் மொய்ரா பிரவுனின் குழு அந்த மரபணு நீக்கிய வைரஸை மூளைக் கட்டி நோயாளிகளிடமே சோதித்தது. ஆக, வைரஸைப் பாதுகாப்பாக்கும் வழி தெரிந்திருந்தது. குறை என்னவென்றால், பாதுகாப்பான வைரஸ் பலவீனமாகவும் இருந்தது.

காஃபினும் அவருடைய குழுவும் எடுத்த முடிவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வந்த வைரஸை அவர்கள் எடுக்கவில்லை. ஒருவருடைய உதட்டுக் கொப்புளத்திலிருந்து புதிதாக எடுத்த ஜேஎஸ்1 என்ற வைரஸை எடுத்தார்கள். கண்ணாடிக் கிண்ணத்திலேயே பழகிய வைரஸுக்கு மனிதச் செல்லோடு மோதும் வேகம் குறைந்துவிடும். நேற்றுவரை மனித உடம்பில் இருந்த வைரஸுக்கு அது குறையாது. சோதித்தபோது கட்டிச் செல்களைக் கொல்வதில் புதியதே வென்றது.

அப்புறம் மரபணுக்களில் கைவைத்தார்கள். ஐசிபி34.5-ஐ எடுத்தார்கள். நல்ல செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் அந்தச் செல் தன் உற்பத்தியை நிறுத்தி வைரஸைப் பட்டினி போடும், ஐசிபி34.5 இல்லாத வைரஸால் அதை மீற முடியாது. புற்றுச் செல்லில் அந்தத் தற்காப்பு பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கும், ஆகவே அங்கே வைரஸ் பெருகி, செல்லை உடைத்து வெளியே வரும். ஐசிபி47 என்ற இன்னொரு மரபணுவையும் எடுத்தார்கள். வைரஸ் புகுந்த செல்லை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணிலிருந்து மறைப்பது அதன் வேலை. அதை எடுத்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது: பக்கத்தில் இருந்த யுஎஸ்11 என்ற மரபணு முன்கூட்டியே வேலை செய்யத் தொடங்கி, கட்டிக்குள் வைரஸ் பெருகுவதற்குத் துணை செய்தது. ஐசிபி34.5-ஐ எடுத்த இடத்தில் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மனிதப் புரதத்துக்கான மரபணுவை வைத்தார்கள். எதிர்ப்பு மண்டலத்தின் முன்னணிச் செல்களை அந்த இடத்துக்கு அழைக்கும் புரதம் அது. செல் உடைந்து சிதறும்போது, சிதறியதைப் பொறுக்கி அடையாளம் தெரிந்துகொள்ள ஆட்கள் அங்கேயே நிற்பார்கள்.

ஒன்றை அவர்கள் தொடவில்லை. அசைக்ளோவிர் என்ற சாதாரண மாத்திரைக்கு இந்த வைரஸ் அடங்க வேண்டுமானால் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதனிடம் இருக்க வேண்டும். 1991-இல் மார்ட்டுசா குழு பயன்படுத்திய வைரஸில் அது நீக்கப்பட்டிருந்தது. காஃபின் குழு அதை விட்டுவைத்தது. ஏதாவது தப்பாகப் போனால் நிறுத்தும் சாவி எந்த மருந்துக் கடையிலும் இருக்கிறது. நோயாளியிடம் இதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

1999-இல் யூனிவர்சிட்டி காலேஜிலிருந்து பிரிந்து பயோவெக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் மனிதச் சோதனை பிரிட்டனில் 30 பேரிடம். மார்பகம், தலை-கழுத்து, குடல், மெலனோமா என்று பல வகைக் கட்டிகள். அடுத்தது மெலனோமா மட்டும், 50 பேர். நான்கில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. அதன் பிறகு ஆப்டிம் என்ற பெரிய சோதனை: 436 பேர், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, தென்னாப்பிரிக்கா என்று நான்கு நாடுகள். அது முடியும் முன்பே, 2011-இல், அம்ஜென் நிறுவனம் பயோவெக்ஸை வாங்கியது. கைமேல் 42.5 கோடி டாலர். இலக்குகளை எட்டினால் மேலும் 57.5 கோடி வரை. வைரஸை மருந்தாக்குவது ஓரத்து ஆசை என்று நினைத்த பெரிய நிறுவனங்களை அந்தத் தொகை திரும்பிப் பார்க்க வைத்திருக்கும்.

2015 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 22-க்கு 1 என்று ஆதரவாக வாக்களித்தது. அக்டோபரில் அனுமதி, கட்டியைக் கொல்லும் வைரஸ் ஒன்று அங்கே மருந்தானது அதுவே முதல் முறை. டிசம்பரில் ஐரோப்பா. 2016 செப்டம்பரில் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, அரசுச் செலவில் தரலாம் என்றது. நிறுவனம் தொடங்கியதிலிருந்து அமெரிக்க அனுமதி வரை 16 ஆண்டுகள். ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, மருந்து எப்படி வேலை செய்கிறது? ஆப்டிம் சோதனையில், ஆறு மாதமாவது நீடித்த பலன் இந்த ஊசி போட்டவர்களில் 16.3 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. ஒப்பிடுவதற்காக ஜிஎம்-சிஎஸ்எஃப் மட்டும் தரப்பட்டவர்களில் 2.1 சதவீதம். பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 23.3 மாதம், எதிரில் 18.9 மாதம், வித்தியாசம் இருந்தாலும் புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. படித்தவுடன் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் இந்த எண்ணுக்குள் இரண்டு வகை நோயாளிகள் கலந்திருக்கிறார்கள். தோலோடும் நிணநீர்க் கணுக்களோடும் நின்ற மூன்றாம் நிலை நோயாளிகளை மட்டும் பிரித்தால் நீடித்த பலன் 33 சதவீதம். உள்ளுறுப்புகளுக்குப் பரவியவர்களில் ஒற்றை இலக்கம்தான். ஊசி நேரடியாகப் பட்ட கட்டிகளில் 64 சதவீதம் பாதிக்கு மேல் சுருங்கின. ஊசி படாத தோல், கணுக் கட்டிகளில் 34 சதவீதம். உள்ளுறுப்புக் கட்டிகளில் 15 சதவீதம். எட்டும் இடத்தில் வலிமை, தள்ளிப் போகப் போகத் தேய்வு. நான் மேலே சொன்ன முடிவு இந்த மூன்று எண்களிலிருந்து வந்ததுதான்.

எங்கள் கிளினிக்கில் பார்த்ததும் அதற்கு ஒத்துப்போகிறது. முழங்காலுக்குக் கீழே கருநீலமாகச் சிறு சிறு முடிச்சுகள், வெட்டினால் பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும் நிலையில் வருபவர்களுக்குத்தான் இது அதிகம் பொருந்துகிறது. நர்ஸ் ஒவ்வொரு கட்டியையும் அளந்து குறிப்பார். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் என்றால் 4 மில்லி வரை, அரை சென்டிமீட்டருக்குள் என்றால் 0.1 மில்லி வரை. ஒரே துளை வழியாக ஊசியை விசிறி போலப் பல திசைகளில் செலுத்துவார். ஒரு வருகைக்கு மொத்தமே 4 மில்லிதான். பிறகு காற்றுப்புகாத கட்டு.

முதல் சில வாரங்களில் கட்டி பெரிதாகலாம், புதிதாகக்கூடத் தெரியலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி பயந்து நிறுத்திவிடுவார். குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஒரு வயதான அம்மாவுக்குக் காலில் இருந்த முடிச்சுகள் முதலில் வீங்கி, அப்புறம் ஒவ்வொன்றாகத் தட்டையாகி, கடைசியில் பழுப்புத் தழும்புகள் மட்டும் நின்றன. தயார் செய்து அனுப்பிய சிரிஞ்சுகளுக்கு என்ன ஆயிற்று என்று மருந்தகத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியவராது. அந்த அம்மா பற்றிச் செய்தி வந்தபோது எங்கள் அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. நான்கைந்து ஊசிக்குப் பிறகு நோய் நுரையீரலுக்குப் போய், மருந்தை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை கீமோவோடு ஒப்பிடவே முடியாது. சோர்வு, குளிர் நடுக்கம், காய்ச்சல், இவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். ஓரிரு நாள் ஃப்ளூ வந்த மாதிரி இருக்கும். பாராசிட்டமால் போதும். ஊசி போட்ட இடத்தில் வலியும், எப்போதாவது தோல் கிருமித் தொற்றும் வரலாம். முடி கொட்டாது.

குறைகளுக்கு வருகிறேன். விலை முதலாவது. இங்கே பட்டியல் விலை ஒரு குப்பி 1,670 பவுண்டு. முழு 4 மில்லி போட்டால் ஒரு வருகைக்கு 6,680 பவுண்டு. அரசு மருத்துவச் சேவைக்கு நிறுவனம் தள்ளுபடி தருகிறது, நோயாளி ஒரு பைசா கட்டுவதில்லை. சொந்தக் காசில் வாங்குவதென்றால் சாதாரணக் குடும்பத்துக்கு முடியாத காரியம்.

இரண்டாவது, மருந்து வந்த நேரம். ஆப்டிம் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே மெலனோமா சிகிச்சை தலைகீழாக மாறிவிட்டது. 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப் என்று எதிர்ப்பு மண்டலத்தின் தடையை நீக்கும் மருந்துகள் வரிசையாக வந்தன. நரம்பு வழியாக ஏற்றினால் உடம்பு முழுக்கப் போகும் மருந்துகள் அவை. டி-வெக் கடைக்கு வரும்போது முன்வரிசை நிரம்பிவிட்டது. நைஸ் அமைப்பும் அப்படித்தான் எழுதியிருக்கிறது: அறுவையால் அகற்ற முடியாத, எலும்புக்கோ மூளைக்கோ நுரையீரலுக்கோ மற்ற உள்ளுறுப்புகளுக்கோ பரவாத மெலனோமா, அந்த மருந்துகள் பொருந்தாதவர்களுக்கு மட்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று 692 பேரிடம் சோதித்தார்கள். டி-வெக்கும் பெம்ப்ரோலிஸுமாபும் சேர்ந்தது, பெம்ப்ரோலிஸுமாப் மட்டும் தந்ததைவிடத் தெளிவாக மேல் என்று நிறுவ முடியவில்லை. அந்த முடிவைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

காஃபின் அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையில் என்னைக் கட்டிப்போடுவது. அம்ஜெனில் சில காலம் இருந்துவிட்டு வெளியே வந்து, டி-வெக்குக்கு அனுமதி கிடைத்த அதே 2015-இல் ரெப்ளிமியூன் என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார். விற்று முடித்த மருந்தின் பெருமையில் உட்கார்ந்திருக்கலாம். அவரோ அந்த மருந்தின் குறையையே அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார். ஆர்பி1 என்ற புது வைரஸில் ஜிஎம்-சிஎஸ்எஃப்போடு, பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி உருக்கிவிடும் ஒரு புரதத்தையும் சேர்த்தார்கள். கிப்பன் குரங்கின் வைரஸ் ஒன்றிலிருந்து வந்த புரதம் அது. இதனால் ஒரு செல்லில் புகுந்த வைரஸ் அக்கம்பக்கத்துச் செல்களையும் சேர்த்து அழிக்கும். எதிர்ப்பு மண்டலத்துக்குப் போகும் அபாய மணியும் பெரிதாகக் கேட்கும்.

தடை நீக்கும் மருந்துகள் கைவிட்ட 140 மெலனோமா நோயாளிகளுக்கு ஆர்பி1-ஐ நிவோலுமாபோடு கொடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. வேறு வழி அதிகம் இல்லாதவர்கள் அவர்கள் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் 2025 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இப்போதைய நிலையில் அனுமதி தர முடியாது என்று கடிதம் அனுப்பியது. ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லாத சோதனை, கலவையான நோயாளிகள் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. மருந்தகத்தில் நிற்பவள் என்ற முறையில், ஒப்பீடு கேட்பது நியாயம் என்பேன்; எந்த மருந்தால் கட்டி சுருங்கியது என்று தெரியாமல் விற்கக் கூடாது. அதே சமயம், மற்ற மருந்துகள் பலிக்காத ஒருவருக்குப் பெரிய சோதனை முடியும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. இக்னைட்-3 என்ற அந்தப் பெரிய ஒப்பீட்டுச் சோதனை அதற்கு முன்பே தொடங்கப்பட்டிருந்தது. காஃபினின் இரண்டாவது வைரஸுக்கான தீர்ப்பை நான் அதில்தான் எதிர்பார்க்கிறேன்.

இந்தத் துறையில் அவர் மட்டும்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சீனாவில் 2005-லேயே எச்101 என்ற அடினோவைரஸ், தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஜப்பானில் மூளை அறுவை நிபுணர் தொமொகி தோதோ உருவாக்கிய ஜி47டெல்டா என்ற ஹெர்பீஸ் வைரஸுக்கு 2021-இல் மூளைக் கட்டிக்காக நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அவர் அமெரிக்காவில் மார்ட்டுசாவிடம் வேலை பார்த்தவர். அந்த ஒரு ஆய்வகத்தின் விழுதுகள் எங்கெங்கோ இறங்கியிருக்கின்றன.

இனி, என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் போனில் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நோய் மெலனோமாதானா, எந்த நிலை, ஊசி எட்டும் கட்டி இருக்கிறதா, பெம்ப்ரோலிஸுமாப் போன்றவற்றை ஏற்கெனவே முயன்றாயிற்றா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மார்பகம், கர்ப்பப்பை, குடல் என்றால் இந்த மருந்தைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பணமும் நேரமும் பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைக்குப் போகட்டும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர், கர்ப்பிணி என்றால் போடவே கூடாது. ஹெர்பீஸுக்காக அசைக்ளோவிர் எடுத்துக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது ஊசியின் வேலையைக் கெடுக்கும்.

போட்டுக்கொள்பவர்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது கட்டுதான். கடைசி ஊசிக்குப் பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் மூடியே இருக்கட்டும். நனைந்தாலோ கழன்றாலோ உடனே மாற்றுங்கள். மாற்றுபவர் கையுறை போடட்டும். பழைய கட்டை உறை போட்டு மூடி அப்புறப்படுத்துங்கள். எங்கள் கிளினிக்கில் அடிக்கடி வரும் கேள்வி பேரக் குழந்தைகளைத் தூக்கலாமா என்பது. தூக்கலாம், கட்டு மூடியிருந்து அதன்மேல் துணியும் இருந்தால். பச்சைக் குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் மட்டும் ஊசி போட்ட இடத்தையோ கட்டையோ தொடக் கூடாது. வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே நர்ஸிடம் சொல்லுங்கள். யார் கட்டு மாற்றுவது என்று அப்போதே முடிவு செய்துவிடலாம்.